கட்டுச்சோத்துத் தூரம்

ரெண்டு மணி பத்து நிமிஷம்னு யார் சொன்னா உங்களுக்கு? டிக்கெட்டுல போட்டிருக்கானா? போடுவான், போடுவான். போடுறதுக்கு என்ன. உட்காருங்க தம்பி, பையை இங்கிட்டு வைங்க. பிளேன்ல ஏத்துறதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு. சென்னையில இருந்து போர்ட் பிளேர் எம்புட்டு தூரம், எம்புட்டு நேரம்னு நான் சொல்றேன் கேளுங்க. இந்த ஏர்போர்ட்டுல இதை என்னைய விடச் சரியாச் சொல்ல ஆள் கிடையாது.

பேரு காளிராஜ். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர். வந்த சித்திரையோட ரிட்டயர்டு. டைம் கீப்பர்னா சும்மா இல்ல தம்பி. டிரைவர் என்ன பெரிய ஆளா இருந்தாலும் நான் விசில் அடிக்காம வண்டி நகராது. ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தா ஏச்சு, ஒரு நிமிஷம் பிந்தி எடுத்தாலும் ஏச்சு. எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம், எந்த ரயில்வே கேட்டுல எம்புட்டு நேரம் நிப்பான், எந்த டிரைவர் எந்தக் கடையில டீ குடிப்பான், எல்லாம் எனக்கு அத்துப்படி.

அதனாலதான் சொல்றேன். பறக்குற நேரம் வேற, பயண நேரம் வேற. எம் பொண்டாட்டிக்கே இது புரிய ஆறு மாசம் ஆச்சு. எங்க சின்னவ வினோதா ஒரு நாள் வந்து நின்னா. மதுரையில மருந்தாளுநர் படிப்பு படிச்சவ. கூடப் படிச்ச பையனாம், ரத்தினவேல்னு பேரு. நம்ம ஆளுங்கதான், தாத்தா காலத்துலயே அந்தமான் போய் மருந்துக் கடை வச்சு அங்கேயே தங்கிட்டாங்க. பையன் குணமான பையன், எல்லாம் சரி. ஆனா இருக்கிறது போர்ட் பிளேர்ல. அவளுக்கு அவன்தான் வேணுமாம். வேற இடம் பார்த்தா கழுத்தை நீட்ட மாட்டாளாம். சொல்லிட்டு நேரா உள்ள போய் மாவு ஆட்ட ஆரம்பிச்சுட்டா.

எங்க குடும்பத்துல பொண்ணு கொடுக்குறதுக்கு ஒரு வழக்கம் இருக்கு தம்பி. ஜாதகமெல்லாம் அதுக்குப் பிறகுதான். பொண்ணு வீட்டுல விடியக்காலம் சோறு வடிக்கணும். வெறும் சோறு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறுன்னு ஏமாத்தக் கூடாது, அது ரெண்டு நாளு கிடக்கும். வெறும் சோத்தைக் கட்டி எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பணும். போய்ச் சேர்ந்து பிரிக்கும்போது சோறு ஊசிப்போயிருக்கக் கூடாது. ஊசிப்போகலையா, பொண்ணு கொடுக்கலாம். ஊசிப்போச்சா, எம்புட்டு பெரிய இடமா இருந்தாலும் கும்பிட்டுட்டுத் திரும்பிரணும். கட்டுச்சோத்துத் தூரம்னு நாங்க சொல்றது இதைத்தான். என் அத்தையைக் கமுதியில கொடுத்தது, என் தங்கச்சியை எட்டயபுரத்துல கொடுத்தது எல்லாம் இப்படிப் பார்த்துத்தான்.

சிரிக்காதீங்க. அதுல அர்த்தம் இருக்கு. புள்ளைக்கு ஒரு தலைவலி காய்ச்சல்னா, ஒரு மனக் கஷ்டம்னா, அன்னைக்கு வடிச்ச சோறு கெடுறதுக்குள்ள பெத்தவன் போய் நிக்கணும். நிக்க முடியாத தூரத்துல புள்ளையைக் கொடுத்துட்டு போன்ல அழுது என்ன செய்ய?

மூத்தவ மாரிக்கனி கல்யாணத்துக்கும் இதைத்தான் பார்த்தோம். பார்க்கவே வேண்டாம், பந்தல்குடி. பத்துக் கிலோமீட்டர். டவுன் பஸ்ஸுல இருபத்தஞ்சு நிமிஷம். கட்டிக்கிட்டுப் போன சோத்தைப் பிரிச்சா ஆவி பறந்துச்சு. சம்பந்தி வீட்டுல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மாப்பிள்ளை சௌந்தரபாண்டி, லேத்துப் பட்டறை வச்சிருக்காரு. கைத்தொழில் உள்ளவரு. கொஞ்சம் முன்கோபம், அது ஆம்பளைக்கு இருக்கிறதுதான். நான் அவருகிட்ட ஒரு வார்த்தை குரல் உயர்த்திப் பேசினது கிடையாது. அவரும் என்கிட்ட மரியாதையாத்தான் இருந்தாரு.

சரி, போர்ட் பிளேர் கதைக்கு வர்றேன். நான் முடியாதுன்னேன். சின்னவ செல்போனை எடுத்துக் காட்டுறா. சென்னை ஏர்போர்ட்டுல இருந்து போர்ட் பிளேர் ஏர்போர்ட் ஆயிரத்து முந்நூத்தி எழுபது கிலோமீட்டராம், ரெண்டேகால் மணி நேரமாம். மதுரையில இருந்து சென்னை நானூத்தி இருபது சொச்சம், ஒண்ணேகால் மணி நேரம். ஆக மொத்தம் மூன்றரை மணி நேரம்தான்ப்பா, அத்தையைப் பார்க்க எட்டயபுரம் போயி, பஸ்ஸு கிடைக்காம நின்னு, வீடு திரும்புறதுக்குள்ள நான் அந்தமானே போய்ச் சேர்ந்துருவேன்னு என்கிட்டயே கணக்கு சொல்றா. என்கிட்ட! முப்பத்தோரு வருஷம் விசில் ஊதினவன்கிட்ட!

நான் அவளை உட்கார வச்சு ஒவ்வொண்ணாக் கேட்டேன். சோறு எத்தனை மணிக்கு வடிப்ப? நாலு மணிக்கு. ஆற விட்டுக் கட்டிக் கிளம்ப ஒரு மணி நேரம். வீட்டுல இருந்து மதுரை ஏர்போர்ட் முக்கால் மணி நேரம். அங்க ஒன்றரை மணி நேரம் முன்னாடி நிக்கணும்ங்கிறான், ஏன்னு கேட்டா பதில் இல்ல. சென்னையில இறங்கி அடுத்த பிளேனுக்கு ரெண்டு மணி நேரம் தேவுடு காக்கணும். அங்க இறங்கி பெட்டி வர்றதுக்கு அரை மணி, வீட்டுக்கு இருபது நிமிஷம். எப்படிப் பார்த்தாலும் ஒன்பதரை மணி நேரம். இதுல ஆகாசத்துல இருக்கிறது மூன்றரைதான். மிச்சம் ஆறு மணி நேரமும் வரிசையில நிக்கிறது. ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல உள்ள தூரத்தை மட்டும் சொல்லி ஊரை ஏமாத்துறாங்க தம்பி. வீட்டு வாசப்படிக்கும் வீட்டு வாசப்படிக்கும் நடுவுல உள்ள தூரத்தை எவனும் சொல்றதில்ல.

ஒன்பதரை மணி நேரத்துல சோறு கெடுமா, கெடாதான்னு வீட்டுல ஒரு வாரம் பேச்சு. எம் பொண்டாட்டி தங்கபுஷ்பம் கெடாதுங்கிறா. நான் கெடும்ங்கிறேன். கடைசியில அவதான் சொன்னா, பேசிக்கிட்டே இருந்தா எப்படி, மாப்பிள்ளை வீடு பார்க்கிற முறைக்கு நீங்க ஒரு தடவை போகத்தானே வேணும், சோத்தைக் கட்டித் தர்றேன், நீங்களே கொண்டு போய்ப் பிரிச்சுப் பாருங்கன்னு. அவளுக்குப் பிளேன்னா காதடைக்கும், வரலைன்னுட்டா. சோறு கெட்டா பேச்சை விட்டுரணும், கெடலைன்னா நான் வாக்குக் கொடுத்துட்டு வரணும். வினோதாவும் சரின்னுட்டா. சரின்னு சொன்னாளே ஒழிய முகத்துல ஈயாடல.

ஐப்பசி மாசம் கிளம்பினேன். ரெண்டு அடுக்குத் தூக்குச்சட்டி, ரெண்டுலயும் வெறும் சோறு. மதுரையில சோதனை பண்ற அம்மா திறந்து பார்த்துட்டு இந்தியில என்னமோ கேக்குறா. சோறும்மான்னேன். பக்கத்துல நம்மூர்க்காரர் ஒருத்தர், இருக்கட்டும்யா, குழம்பு எங்கன்னு கேட்டாரு. குழம்பு இல்லைங்க, இது சோதிக்கிற சோறுன்னு சொன்னேன். அவரு என்னைய ஒரு பார்வை பார்த்து, இன்னொரு தடவை மெஷின்ல விட்டுட்டாரு.

சென்னையில பத்து நாற்பதுக்குப் பிளேன். பத்து நாற்பத்தொண்ணுக்கு நகர்ந்தான், நான் வாட்சைப் பார்த்தேன், பரவாயில்லன்னு நினைச்சுக்கிட்டேன். தூக்குச்சட்டியை மேல வைக்கச் சொன்னாங்க, நான் காலுக்கடியில வச்சுக்கிட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்க்குறேன். பக்கத்துச் சீட்டுக்காரர் ரெண்டு தடவை பொறுத்துப் பார்த்துட்டு மூணாவது தடவை எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, அந்தச் சோறு கெட்டுப் போகணும்னுதான் நான் மோந்துக்கிட்டே வந்தேன். அது என்னடான்னா மல்லிகைப்பூ கணக்கா இருக்கு. என் பொண்டாட்டி கைப்பக்குவம் அப்படி, கஞ்சியைச் சுத்தமா வடிச்சு ஆற விட்டுக் கட்டியிருக்கா.

பன்னெண்டு அம்பதுக்கு அந்தமானுக்கு மேல வந்துட்டோம். மேகத்துக்கு நடுவுல பச்சையா கொஞ்சம் நிலம் தெரிஞ்சுச்சு. மூடியைத் திறந்து இன்னொரு தடவை மோந்தேன். இறங்கிட்டா வாக்குக் கொடுக்கணும். அப்பப் பிளேன் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. பைலட் என்னமோ பேசுனாரு. முன்சீட்டுப் பொண்ணு தமிழ்ல சொல்லுச்சு, கீழ நல்ல மழையாம், காத்தாம், இறங்க முடியலையாம். இருபது நிமிஷம் வானத்துலயே சுத்தினோம். பிறகு மறுபடியும் அறிவிப்பு. திரும்பவும் சென்னைக்கே போறோமாம்.

எல்லாரும் ஐயோங்கிறாங்க. எனக்கு மட்டும் மனசுக்குள்ள ஒரே குஷி. மூணு இருபதுக்குச் சென்னையில வந்து இறங்கினோம். கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி நேரம் பறந்திருக்கோம், ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல போயிருக்கோம், வந்து சேர்ந்தது புறப்பட்ட இடம். இதே இடந்தான் தம்பி, அந்தத் தூண்கிட்டத்தான் நின்னேன். ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல எம்புட்டு தூரம்னு இப்ப அந்தப் புள்ளை செல்போனைப் பார்த்துச் சொல்லட்டும்னு வீட்டுக்குப் போனைப் போட்டேன்.

வீட்டுல மூணு பேரும் போனைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. மாரிக்கனியும் வந்திருந்தா, தங்கச்சி விஷயம் முடிவாகுற நாளுன்னு புருஷன்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கா. நான் சொன்னேன், சோறு கெடலை, ஆனா போய்ச் சேரவும் இல்லை, போய்ச் சேர முடியாத ஊருக்குப் பொண்ணு கொடுக்க நம்ம வழக்கத்துல இடமில்லை, இந்தப் பேச்சை இத்தோட விட்டுருங்கன்னு. வினோதா அழுற சத்தம் கேட்டுச்சு. அழட்டும், நாலு நாள் அழுதா சரியாப் போகும்னுதான் நினைச்சேன்.

அப்ப மாரிக்கனி போனை வாங்கினா. அவ அதிகம் பேசாத புள்ளை. சத்தமே போடலை. "பக்கத்துல இருந்ததாலதானப்பா மூணு தடவையும் என்னைய அன்னைக்கே திருப்பி அனுப்பினீங்க. அவ தூரமாவே போகட்டும். அழுதுக்கிட்டு வந்தா நாலு நாளாவது வச்சிருப்பீங்க."

இந்த மூணு தடவைங்கிறது என்னன்னா தம்பி, அதைச் சொல்லிடணும். கல்யாணமாகி மூணாம் மாசம் ஒரு தடவை பந்தல்குடி பஸ்ஸுல வந்து இறங்கினா. பஸ் ஸ்டாண்டுல இறங்கினா முதல்ல என் கண்ணுலதானே பட்டாகணும், என் ஆபீசே அங்கதானே. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்துச்சு. வீட்டுக்குப் போக வேண்டாம், நாலு பேர் நாலு பேசுவாங்கன்னு டைம் ஆபீஸ்லயே உட்கார வச்சு, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, நல்ல புத்தி சொல்லி நாலு நாற்பது வண்டியிலயே அனுப்பி வச்சேன். அடுத்த வருஷம் ஒரு தடவை, உதடு கிழிஞ்சு வந்தா. பிறகு ஒரு தடவை. ஒரு தடவை கூட அவங்கம்மாவுக்குத் தெரிய விடலை, அவ மனசு தாங்க மாட்டான்னு. அதுல ஒரு நாள் அவ முகம் கழுவிட்டு வர நேரமாச்சுன்னு வண்டியை மூணு நிமிஷம் நிறுத்தி வச்சேன். என் சர்வீஸ்லயே நான் ஒரு வண்டியைப் பிந்தி எடுக்கச் சொன்னது அன்னைக்குத்தான். கண்டக்டர்கிட்டச் சொல்லி ஜன்னலோர சீட்டு போட்டுக் கொடுத்தேன். வேற எந்தத் தகப்பன் செய்வான்? புள்ளைக்கு நல்லது செஞ்சோம்னுதான் இத்தனை வருஷமும் நான் நிம்மதியா இருந்தேன்.

மாரிக்கனி சொன்னதைப் பக்கத்துல இருந்த அவங்கம்மாவும் கேட்டுட்டா. பிறகு தங்கபுஷ்பம் குரல். "மூணு தடவையா?" அம்புட்டுத்தான் கேட்டா. போனை வச்சுட்டா.

அந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னேன். சுத்தி ஜனங்க கவுண்டர்ல சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க, அடுத்த பிளேன் எப்ப, எங்க தங்கணும்னு. எனக்கு ஒண்ணும் காதுல ஏறலை. பசிக்குதேன்னு தூக்குச்சட்டியைத் திறந்து ரெண்டு வாய் தின்னு பார்த்தேன். இறங்கலை. அவன் அடிச்சிருக்கான் தம்பி. எனக்குத் தெரியும். உதட்டைப் பார்த்தப்பவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வாட்சைப் பார்த்திருக்கேன்.

மறுநாள் விடியக்காலப் பிளேன்ல ஏத்தி விட்டாங்க. ஒன்பது மணிக்கு இறங்கியாச்சு, மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. அங்க அஞ்சு மணிக்கே பொழுது நல்லா விடிஞ்சிருது, கடிகாரம் மட்டும் நம்ம மணிதான் காட்டுது, அது ஒரு வேடிக்கை. ரத்தினவேல் ஏர்போர்ட் வாசல்லயே நின்னான். நேத்தும் வந்து மத்தியானம் வரைக்கும் மழையில நின்னிருக்கான். பிளேன் திரும்பிப் போறது எப்பவாவது நடக்குமான்னு கேட்டேன். "எப்பவாவது இல்ல மாமா, மழைக்காலத்துல அடிக்கடி நடக்கும். வினோதாகிட்ட முதல்லயே சொல்லிட்டேன்"ன்னான். மழுப்பாம உள்ளதைச் சொன்னானேன்னு எனக்குப் பிடிச்சுப்போச்சு. அவங்க வீட்டுல மீன் குழம்பு வச்சு, புதுசா வடிச்ச சோறு போட்டாங்க. சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போனைப் போட்டேன். மாரிக்கனியைக் கூப்பிடச் சொன்னேன். உன் தங்கச்சியை இங்கதான் கொடுக்கப் போறேன்னு அவகிட்டத்தான் முதல்ல சொன்னேன். அவ சரிப்பான்னா. அன்னைக்குச் சாயங்காலமே பந்தல்குடி திரும்பிப் போயிட்டாளாம். நானும் போன்னு சொல்லலை, போகாதன்னும் சொல்லலை. அது இன்னும் எனக்கு நெஞ்சுல கிடக்கு.

தை மாசம் கல்யாணம். ஜாம்ஜாம்னு நடந்துச்சு. தங்கபுஷ்பம் என்கிட்ட ரெண்டு மாசம் சரியாப் பேசலை. சாப்பாடு போடுவா, பேச மாட்டா.

இப்ப போன திங்கட்கிழமை. நான் வீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். மாரிக்கனி உள்ள வர்றா. இடது கையைத் தூக்க முடியலை அவளால. தங்கபுஷ்பம் கையைத் தொட்டுப் பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறா. அதுக்குள்ள எனக்குப் போன். சௌந்தரபாண்டி. "மாமா, அவ அங்கதான் வந்திருப்பா. அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க"ன்னான். எம்புட்டு உரிமையாச் சொல்றான் பாருங்க. நாந்தானே பழக்கினேன். முப்பத்தோரு வருஷம் விசில் ஊதி ஊதி, யார் கேட்டாலும் வண்டி நேரம்தான் என் வாயில வரும். அன்னைக்கும் வந்துச்சு தம்பி, நாலு நாற்பதுன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. "அவ ஊர்ல இல்லை"ன்னு சொன்னேன். எங்க போனான்னான். அந்தமான் போயிட்டான்னு சொல்லிட்டேன். அப்ப டிக்கெட்டும் எடுக்கலை ஒண்ணும் எடுக்கலை, அவ அடுப்படியில உட்கார்ந்து காப்பி குடிச்சுக்கிட்டிருக்கா. அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. நான் அவ சிரிச்சுப் பார்த்து வருஷக் கணக்காச்சு.

கைக்கு ஒண்ணுமில்ல, எலும்பு உடையலை. டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வச்சிருக்கோம், அது பிறகு வேணும். வக்கீல் ஒருத்தரையும் பார்த்தாச்சு. நீங்க கேட்பீங்க, வீட்டுலயே வச்சுக்க வேண்டியதுதானே, ஏன் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறீங்கன்னு. எனக்கு அவன்கிட்ட பயம் இல்ல தம்பி. எனக்கு எம்மேலதான் நம்பிக்கை இல்ல. பந்தல்குடியில இருந்து இருபத்தஞ்சு நிமிஷத்துல நாலு பெரிய மனுஷங்களைக் கூட்டிக்கிட்டு வந்துருவான். சொந்தபந்தம் உட்கார்ந்து நல்லது கெட்டது பேசும். நான் தலையாட்டிருவேன். முன்னாடி மூணு தடவை ஆட்டினவன்தானே. சின்னவகிட்டப் போனைப் போட்டேன், கூட்டிட்டு வாங்கப்பான்னா, ரத்தினவேலு டிக்கெட்டே எடுத்து அனுப்பிட்டான்.

அந்தா, தண்ணி பாட்டில் பிடிச்சுக்கிட்டு வர்றா பாருங்க, பச்சைச் சேலை. அவதான். அவ வந்த பிறகு இதெல்லாம் பேச வேண்டாம். பிளேன் ரெண்டேகால் மணி நேரம்தான்னு சொல்லிட்டு விட்டுருங்க. இன்னைக்கு வானம் நல்லாத்தான் இருக்கு.

எப்பத் திரும்புறோம்னா? எனக்கு வர்ற வியாழக்கிழமை, பதினொண்ணு இருபது. அவளுக்கு நான் போடலை.